செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் ஒரு டூ-ஸ்ட்ரோக் பட்டறை: ஏழு மாதமும் 2,100 கிலோமீட்டரும்

சேலத்தில் பழைய மோட்டார் சைக்கிளைப் பளபளப்பாக்கித் தருவதற்கு ஆள் கிடைப்பது கடினமில்லை. என்ஜினைப் பிரித்த பிறகு ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்துவிட்டுப் பூட்டுகிற ஆள் கிடைப்பதுதான் கடினம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தின் கடைசியில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் ஓட்டுக் கட்டடத்தில், அப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார். என் சித்தப்பாவின் ராஜ்தூத் 350-ஐ ஆனி மாதத்தில் அவரிடம் ஒப்படைத்துத் தை மாதத்தில் திரும்பப் பெற்றேன். வாங்கிய கையோடு எழுதினால் மகிழ்ச்சியில் எழுதியதாகிவிடும் என்று பொறுத்திருந்து, 2,100 கிலோமீட்டர் ஓட்டி முடித்த பிறகே இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் 1989 வரை ராஜ்தூத் என்ற பெயரில் இந்தியாவில் தயாரித்தது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், ஆறு கியர்; முதலில் வந்த வகை 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்தது 27. புல்லட்டும் யெஸ்டியும் ஓடிக்கொண்டிருந்த சாலையில் அது வேறு உலகத்து வண்டியாக இருந்தது. வெளிநாட்டில் விற்ற ஆர்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உண்டு. நமக்கு டிரம் பிரேக்தான் கொடுத்தார்கள். அவ்வளவு வேகத்துக்கு அந்த பிரேக் போதாது என்பதை ஓட்டியவர் எல்லோரும் அறிவர். சித்தப்பா 1985-ல் வாங்கினார். அவர் காலமான பிறகு அம்மாபேட்டை வீட்டின் பின்கட்டில் பத்தொன்பது ஆண்டுகள் அது நின்றே கிடந்தது.

இந்தப் பட்டறைக்கு முன்னால் வேறோர் ஊரில் ஒரு கடையில் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புது பெயின்ட், புது குரோம், புது சீட் எல்லாம் போட்டுக் கண்ணைப் பறிக்கும்படி கொடுத்தார்கள். மொத்தம் 140 கிலோமீட்டர் ஓடியது. ஓமலூர் தாண்டி வந்துகொண்டிருந்தபோது என்ஜின் பிடித்துக்கொண்டு, பின்சக்கரம் அப்படியே நின்று, தார் ரோட்டில் நீளமாகக் கோடு இழுத்தது. பின்னால் லாரி ஏதும் வராததால் இன்று இதை எழுதுகிறேன். அந்தக் கடையில் கேட்டதற்கு, டூ-ஸ்ட்ரோக் என்றால் அப்படித்தான் என்றார்கள். அந்தப் பதிலை நான் அன்று நம்பியதுதான் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர் வண்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கத்து சிலிண்டர் கண்ணு புடிச்சுது?" என்பதுதான். இடப்பக்கம் என்றேன். என்ஜினைத் திறக்காமலேயே, இடப்பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும் என்றார். எனக்குப் புரியவில்லை என்பதைப் பார்த்து ஒரு பழைய கிராங்க்கை, அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டை, எடுத்துவைத்து விளக்கினார். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலும் காற்றும் நேராக சிலிண்டருக்குள் போவதில்லை. முதலில் கீழே கிராங்க் சுழலும் அறைக்குள் வந்து, அங்கிருந்துதான் மேலே தள்ளப்படுகின்றன. ஆகவே சீல்கள் அடைத்துக் காக்கும் அந்த அறையில் எங்கு சிறு கசிவு இருந்தாலும் கலவையின் அளவு கெட்டுவிடும். இந்த வண்டியில் வலப்பக்க சீல் போனால் கிளட்ச் பக்கமிருந்து கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகக் கக்கும். அது கண்ணுக்குத் தெரியும். இடப்பக்க சீல் போனால் வெறும் காற்றை உறிஞ்சும், அது தெரியாது. காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து, சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்ளும். பிரித்தபோது அவர் சொன்னபடியே இருந்தது. பத்தொன்பது ஆண்டு காய்ந்து கல்லாகிப் போன பழைய சீலை எடுக்காமலேயே முந்தைய கடையில் மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

பட்டறையின் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மூன்று படங்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கின்றன: மைக் ஹெயில்வுட், ஜோயி டன்லப், யார்னோ சாரினென். மூன்று பேரும் உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெரிய பெயர்கள். சேலத்தில் ஒரு பட்டறைச் சுவரில் அவர்களைப் பார்ப்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. கேட்டபோதுதான், பெரியவர் இளவயதில் கோயமுத்தூர் அணி ஒன்றுக்கு மெக்கானிக்கின் கையாளாகச் சோழவரத்துக்குப் பல ஆண்டுகள் போனவர் என்று தெரிந்தது.

சோழவரம் என்ற பெயர் இன்றைய இளைஞர்களுக்கு ஏரியைத்தான் நினைவூட்டும். எங்களுக்கு அது ரேஸ். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குதான் பந்தயங்களை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை திறக்கப்படும் வரை தென்னாட்டில் மோட்டார் பந்தயம் என்றாலே சோழவரம்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஐந்தாவது படித்தபோது, சித்தப்பா என்னை இரவு ரயிலில் கூட்டிப்போனார். மர நிழல் கிடையாது. வெயில் தரையிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டியபடி நீண்ட ஓடுதளத்தில் வந்து, வளைவுக்கு முன்னால் கியர் இறக்கும் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. அதைவிட நினைவில் நிற்பது ஒரு வாசனை. பாட்டி எனக்குப் பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெயின் வாசனை பந்தய மைதானத்தில் எப்படி வந்தது என்று சித்தப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

நாற்பது ஆண்டு கழித்து அதற்குப் பெரியவர் பதில் சொன்னார். அந்தக் காலத்து ரேஸ் ஆயில் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யப்பட்டது. கடும் சூட்டிலும் உலோகத்தின் மேல் படலம் அறுந்துபோகாமல் ஒட்டி நிற்கும் குணம் அதற்கு உண்டு. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். நம் மாவட்டத்து மானாவாரிக் காடுகளில் விளைகிற ஆமணக்கு, பந்தயக்காரனின் என்ஜினுக்குள் போன கதையை அவர் சொல்லும்போது, பட்டறையில் வேலை செய்யும் அவர் மகள் வயிற்றுப் பேரனும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வேலையைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பணம் கொடுப்பது அதற்குத்தான். கிராங்க் முழுவதும் பிரிக்கப்பட்டு, இரண்டு கனெக்டிங் ராடும் பேரிங்குகளும் எல்லா சீல்களும் மாற்றப்பட்டன. கிராங்க்கை மீண்டும் சேர்த்தபின் அதைச் சுழலவிட்டு, நுண்ணிய கோணலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து, முள் ஆடுகிற அளவு திருப்தியாகும் வரை செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினார். அந்த ஒரு வேலைக்கு அரை நாள் ஆனது. நான் உடனிருந்து பார்த்தேன். சிலிண்டரை லேத்துப் பட்டறையில் போர் பண்ண, அதாவது உட்சுவரைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர, கொடுக்கும் முன் பிஸ்டன்களைக் கையில் கொடுத்தனுப்பினார். அளவு புத்தகத்தில் உள்ளபடி பிஸ்டன் இருக்கும் என்று நம்பி முதலிலேயே போர் பண்ணிவிட்டுப் பின் பிஸ்டன் வாங்குவது பலரும் செய்யும் தவறாம். இரண்டு பிஸ்டனையும் தனித்தனியே மைக்ரோமீட்டரில் அளந்து, எந்தப் பிஸ்டனுக்கு எந்த சிலிண்டர் என்று குறித்து, அதற்கேற்ற இடைவெளிவிட்டுப் போர் பண்ண வைத்தார். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கு பங்கு அளவுதான். கூடினால் என்ஜின் தட்டும்; குறைந்தால் பிடிக்கும்.

இந்த வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும், பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் தனித்தனியே உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 2 மில்லிமீட்டர் இருக்கும்போது பொறி விழவேண்டும். அது இரண்டு பக்கமும் ஒன்றாக அமையவேண்டும். பிளக் துளையில் கேஜை நுழைத்து அதைச் செய்தார். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே நொடியில் திறக்கின்றனவா என்று விரலை உள்ளே விட்டே பார்த்துவிட்டார். ஆயில் பம்ப்பின் கேபிளை, ஆக்சிலேட்டர் திறக்கும் அளவோடு பம்ப்பின் குறி சேரும்படி வைத்துக்கட்டினார். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்பதால் பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் வளையங்கள் அனைத்தையும் அதைத் தாங்கும் வகைக்கு மாற்றினார். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டாங்க்கையும் கார்புரேட்டரையும் காலிசெய்துவிட்டு நிறுத்தச் சொன்னார். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் துருவேற்றிவிடுமாம். இந்த யோசனை பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும்.

ஒன்றை மட்டும் அவர் செய்ய மறுத்துவிட்டார். சத்தம் கூடும் வகையில் ரேஸ் சைலன்சர் பொருத்தலாமா என்று என் மகன் கேட்டான். அதற்குப் பெரியவர் வால்டர் காடென் என்ற கிழக்கு ஜெர்மனிப் பொறியாளரின் கதையைச் சொன்னார். டூ-ஸ்ட்ரோக் என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் அலை, சைலன்சரின் விரிந்து குறுகும் வயிற்றில் மோதித் திரும்பிவந்து, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும்படி அளவெடுத்துச் செய்தவர் அவர். எம்சட் நிறுவனத்தில் அவரிடம் பந்தயம் ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் மேற்குக்குத் தப்பிப்போய் அந்த அறிவைச் சுசுகியிடம் சேர்த்தார். மறு ஆண்டே சுசுகியின் 50 சிசி வண்டியில் உலகப் பட்டத்தையும் வென்றார். "ஒரு சைலன்சரோட வயித்து அளவுக்காக ஒருத்தன் ஊரையே விட்டு ஓடிருக்கான் சாமி. நீ கடைல தொங்கறத வாங்கி மாட்டிக்கலாம்ங்கறியா?" என்றார். கார்புரேட்டரையும் சிலிண்டர் துளைகளையும் அதற்கேற்ப மாற்றாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால், ஒரு வேகத்தில் இழுத்து இன்னொரு வேகத்தில் பட்டினி கிடந்து பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. மகன் பேசாமல் ஒத்துக்கொண்டான். நானும் ஒத்துக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். மூன்று மாதம் என்று சொன்ன வேலைக்கு ஏழு மாதம் ஆனது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் பட்டறை பத்து நாள் பூட்டிக்கிடந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பிஸ்டன் வரத் தாமதமாகும் என்பதைத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நான்கு முறை வீணாக அலைந்திருக்கமாட்டேன். முன்கூட்டிச் செலவுக் கணக்கு எழுதித் தரும் வழக்கமும் அங்கில்லை. முடிவில் உதிரிபாகங்களுக்கு 41,000 ரூபாய், என்ஜின் கூலி 18,000, வெளியே கொடுத்துச் செய்த பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் 15,000 என்று 74,000 ஆனது. ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது இருந்தது, மாற்றிய பழைய பாகங்களும் ஒரு சாக்கில் கட்டித் தரப்பட்டன. ஆயினும் தொடக்கத்திலேயே ஒரு தோராயம் கிடைத்திருந்தால் வீட்டில் சொல்லிவிட்டுச் செய்திருப்பேன். குரோம் வேலை எனக்குத் திருப்தியில்லை. சைலன்சர் வளைவில் மூன்றாம் மாதமே நீலம் பாய்ந்து ஓரிடத்தில் உரிந்துவிட்டது. பளபளப்பை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏற்ற இடமல்ல.

வண்டியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஏற்காட்டுக்கு ஏற்றி இறக்கிப் பார்ப்பது இந்தப் பட்டறையின் வழக்கம். ஆளில்லாத அதிகாலையில் அஸ்தம்பட்டி வழியாக அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். பேரன் என் ஸ்கூட்டரில் பின்னால் வர, பெரியவர் ஆர்டியை ஓட்ட, நான் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு எழுபத்தாறு வயது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவர் பிரேக்கைப் பிடித்த நினைவு எனக்கில்லை. வளைவுக்கு வெகு முன்பே வேகம் அடங்கியிருக்கும், வளைவின் நடுவில் ஆக்சிலேட்டர் நூல் பிடித்ததுபோல் திறந்துகொண்டே வரும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே இல்லை. புது என்ஜினை மலையில் வதைக்கக்கூடாது, அதே சமயம் சுமையே காட்டாமல் தாலாட்டவும் கூடாது என்றார். பந்தயம் தெரிந்த ஒருவர் பொதுச்சாலையில் எவ்வளவு அடக்கமாக ஓட்டுகிறார் என்பதை, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலையில் பறக்கும் பிள்ளைகள் ஒருமுறை பின்னால் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்தியபோது பேச்சு டன்லப்பிடம் போனது. ஐல் ஆஃப் மேன் தீவில் 1907 முதல் நடக்கும் டிடி பந்தயத்தில், வீடுகளுக்கும் கற்சுவர்களுக்கும் இடையே மலையேறி இறங்கும் சுற்று 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்கினால் ஏறக்குறைய அதே தூரம்தான். அதை 2000-ஆம் ஆண்டில், 48 வயதில், டன்லப் 18 நிமிடம் சொச்சத்தில் சுற்றினார். அந்த வாரம் மூன்று பந்தயங்களை வென்று மொத்தம் 26 வெற்றி என்ற கணக்கில் நின்றார். அடுத்த மாதமே எஸ்தோனியாவில் ஒரு பந்தயத்தில் இறந்தார். ஹெயில்வுட்டும் அப்படி ஒருவர்தான்: ஒன்பது உலகப் பட்டங்கள் வென்று ஒதுங்கி, பதினோரு ஆண்டு கழித்து 1978-ல் 38 வயதில் டுகாட்டியில் திரும்பிவந்து அதே தீவில் வென்றார். ஆனால் பெரியவருக்கு டன்லப்பின் மேல்தான் கூடுதல் பிரியம். உலகப் புகழ் வந்த பிறகும் வட அயர்லாந்தின் பாலிமணி என்ற சிற்றூரில் மதுக்கடை நடத்திக்கொண்டு, தன் வண்டியைத் தானே பிரித்துப் பூட்டியவர். ருமேனியாவின் அனாதைக் குழந்தைகளுக்குத் தன் வேனில் பொருட்களை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப்போனவர். "அவனும் நம்மளாட்ட பட்டறைக்காரந்தான்" என்று அவர் சொன்னபோது குரல் சற்றுத் தழுதழுத்தது.

டீ முடிந்ததும் இரண்டு பிளக்குகளையும் கழற்றிப் பேரனிடம் கொடுத்தார். "என்ன அப்புச்சி, ரெண்டும் ஒரே மாதிரி காப்பிக் கலர்ல இருக்கு?" என்றான் அவன். இரண்டு சிலிண்டரும் ஒன்றுபோல் எரிகின்றன என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

இறங்கும்போது என்னை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். இங்குதான் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் கிடைத்தது. இந்த வண்டியில் ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு பிணைந்தது. இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை மூடிவிட்டால், என்ஜின் வேகமாகச் சுழலும், எண்ணெயோ மிகக் கொஞ்சமாகத்தான் வரும். "மூடியே வெச்சிராத கண்ணு. அப்பப்போ கிளட்ச்சப் புடிச்சு ஒருக்கா தொறந்து எண்ண குடு" என்று ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தோளைத் தட்டினார். டிரம் பிரேக் சூடேறி மெத்தனமாகிவிடும் என்பதால் பதினொன்றாவது வளைவருகே ஒரு முறை நிறுத்தி ஆறவிடவும் செய்தார்.

அப்போதுதான், ஏறும்போது அவருடைய இடக்கையின் இரண்டு விரல்கள் கிளட்ச் லீவரை விட்டு விலகவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. கேட்டேன். சாரினெனைப் பற்றிச் சொன்னார். பின்லாந்துக்காரர், இயந்திரப் பொறியியல் படித்தவர், 1972-ல் யமஹாவில் 250 சிசி உலகப் பட்டம் வென்றவர். 1973 மே 20 அன்று இத்தாலியின் மோன்சாவில் முதல் சுற்றிலேயே முன்னால் போன இத்தாலிய வீரர் பசோலினியின் வண்டி விழ, மோதி இருவரும் இறந்தார்கள். பசோலினியின் என்ஜின் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று வெகுகாலம் பேசப்பட்டது. வேறு காரணங்களும் பின்னால் சொல்லப்பட்டன. எதுவாயினும், டூ-ஸ்ட்ரோக்கில் பந்தயம் ஓட்டிய அந்தத் தலைமுறை முழுவதும் இரண்டு விரலைக் கிளட்ச்சிலேயே வைத்து ஓட்டியது. என்ஜின் கவ்விய கணத்தில் கிளட்ச்சைப் பிடித்தால் பின்சக்கரம் உருண்டுகொண்டிருக்கும், பிடிக்காவிட்டால் நிற்கும். சோழவரத்தில் முதல் நாளே அவருக்கு மூத்த மெக்கானிக் சொல்லிக்கொடுத்தது அதுதானாம். ஓமலூர் ரோட்டில் என் டயர் இழுத்த கோடு எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து நானும் விரலை எடுப்பதில்லை.

இந்த 2,100 கிலோமீட்டரில் ஒரு முறை பாயிண்ட் சரிசெய்ததும், பிரேக் கேபிள் இறுக்கியதும் தவிர வேறு வேலை வைக்கவில்லை. சமவெளியில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் கிடைக்கிறது. காலையில் இரண்டாவது உதையில் பிடிக்கிறது.

போக நினைப்பவர்கள் காலை பத்து மணிக்கு முன் நேரில் போவது நல்லது, தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டையில் எந்தக் கொலுசுப் பட்டறையில் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஒரு நேரத்தில் நான்கு வண்டிகளுக்கு மேல் எடுப்பதில்லை. நான் கடைசியாகப் போனபோது இரண்டு யெஸ்டியும் ஒரு ஆர்எக்ஸ் 100-ம் பிரித்துக் கிடந்தன. ஆர்எக்ஸின் கிராங்க்கை டயல் கேஜில் வைத்துப் பேரன் தட்டிக்கொண்டிருந்தான், பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.